நிறைவுசெய்யும் உரிமை: ஓர் அறவியல் நோக்கு

பிறர் சொல்லத் தொடங்கியதை அவர் முடிப்பதற்கு முன்னர் நாம் முடித்துவிடுவது அன்றாட வாழ்வில் மிகச் சாதாரணமான நிகழ்ச்சியாகும். தாய் குழந்தையின் மழலையை முடித்துவைக்கின்றாள். நண்பன் நண்பனின் தயக்கத்தை முடித்துவைக்கின்றான். அலுவலக மேசைக்கு அப்பால் இருப்பவர், எதிரே நிற்பவரின் விண்ணப்பத்தை முடித்துவைக்கின்றார். புறத்தோற்றத்தில் இம்மூன்றும் ஒரே செயலே. ஆயினும் முதலாவதை அன்பு என்கின்றோம். இரண்டாவதை நெருக்கம் என்கின்றோம். மூன்றாவதை எப்பெயரால் அழைப்பதென்று தடுமாறுகின்றோம். பிறர் சொல்லை நிறைவுசெய்யும் உரிமை எவருக்கு உண்டு, எவ்வளவு தூரம் உண்டு என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினா எனக்கு நூல்களின் வழியாக எழவில்லை. விடுதியில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொள்ளும் பொறியியற்பீட நண்பரொருவர் தாம் எழுதிய சிறு கணினி நிரலொன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். விரிவுரைக் குறிப்புகளை வேறொரு தட்டில் பிரதிசெய்து பாதுகாப்பது அந்நிரலின் வேலை. அதற்கு அவர் வைத்திருந்த தெரிவுகளுள் இரண்டு ஆங்கிலத்தில் ஒரே இரு எழுத்துகளில் தொடங்கின. ஒன்று ‘டிரை-ரன்’, எதனையும் செய்யாது, செய்தால் என்ன நிகழும் என்பதை மட்டும் காட்டும் ஒத்திகை. மற்றையது ‘டிராப்’, பழைய பிரதிகளை அழித்துவிடும். “முதலிரண்டு எழுத்துகளை எழுதிவிட்டு ஒருவர் உதவி கேட்டால் நான் எதை எழுதிக்கொடுப்பது? பெரும்பாலோர் கேட்பது ஒத்திகையைத்தான். அதையே எழுதிவிடலாமே?” என்றார் அவர். தொழில்நுட்ப வினாவென்று எண்ணி அவர் கேட்டது அறவியல் வினாவாக எனக்குப் பட்டது.

எந்திரம் கற்ற அடக்கம்

கலைப்பீட வாசகர் பொருட்டு இதன் பின்னணியைச் சுருங்கக் கூறுதல் பொருந்தும். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் திரையிலுள்ள படங்களைத் தொட்டு வேலை வாங்குவதோடு, கட்டளையை எழுத்தில் எழுதி வேலை வாங்கும் முறையும் உண்டு. எழுதப்பட்ட கட்டளையைப் பெற்று, பொருள்கொண்டு, நிறைவேற்றும் இடைநிலை நிரலுக்கு ஷெல் என்று பெயர். கட்டளையின் பெயரை அடுத்து, அதனை எவ்வாறு நிறைவேற்றவேண்டும் என்று குறிக்கும் சொற்கள் வரும். இவையே தெரிவுகள். தெரிவுகள் பல, அவற்றுட் சில நீண்டவை, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருத்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே சொல்லின் தொடக்கத்தை மட்டும் எழுதி ஒரு விசையை அழுத்தினால் எஞ்சியதை எந்திரமே எழுதிக்கொடுக்கும் வசதி தோன்றியது.

1970களின் தொடக்கத்தில் வழக்கிலிருந்த டெனெக்ஸ் என்னும் இயக்குதளத்தில் இவ்வசதி இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் கிரீர் அதனை யுனிக்ஸ் உலகுக்குக் கொண்டுவர 1975 இல் முயலத் தொடங்கி, 1981 இல் சீ ஷெல்லுடன் இணைத்தார். அவ்வாறு பிறந்த ஷெல்லின் பெயரிலுள்ள ‘டீ’ என்னும் எழுத்து டெனெக்ஸை நினைவுகூர்வதாகும். பிரையன் ஃபொக்ஸ் எழுதி 1989 இல் வெளிவந்த பாஷ் ஷெல்லிலும் இவ்வசதி இடம்பெற்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய தெரிவுகள் எவ்வாறு நிறைவுசெய்யப்படவேண்டும் என்பதை நிரலாளரே வகுத்துக்கொள்ளும் வழி 2000 ஆம் ஆண்டில் அதன் 2.04 ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தது.

இவ்வசதி இயங்கும் முறை உற்றுநோக்கத்தக்கது. கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதன் தெரிவுகளுள் ‘வேர்போஸ்’ என்பதும் ‘வேர்ஷன்’ என்பதும் உள்ளன. முன்னையது, செய்வதை விளக்கிச் சொல் என்பது. பின்னையது, உன் பதிப்பு யாதெனச் சொல் என்பது. ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்துகள் பொது. முதலெழுத்தை மட்டும் எழுதி டேப் விசையை அழுத்தினால், ‘வேர்’ என்பது வரை ஷெல் எழுதும்; எழுதி, அங்கே நின்றுவிடும். வழி பிரியும் இடம் அது. பாஷின் இயல்பான அமைப்பில் ஒரு மணியொலி கேட்கும். மீண்டும் அழுத்தினால் இரு சொற்களையும் பட்டியலிட்டுக் காட்டும். காட்டவேண்டியவை நூற்றுக்கு மேற்படின், எல்லாவற்றையும் காட்டட்டுமா என்று முன்னதாகக் கேட்கும். எழுதியதற்குப் பொருந்துவது ஒன்றே ஒன்றாயின் முழுவதையும் எழுதிக்கொடுக்கும். அப்போதும் கட்டளையை நிறைவேற்றாது. நிறைவேற்றுவதற்கான என்டர் விசை மனிதன் கைக்கே விடப்பட்டுள்ளது.

இதனுள் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன எனலாம். சொன்னவனின் சொல்லே உறுதிப்படுத்தும் எல்லைவரை மட்டும் செல்லுதல் முதலாவது. வழி பிரியுமிடத்தில் நின்று வழிகளைக் காட்டுதல் இரண்டாவது. நிறைவுசெய்த சொல்லை அவன் கண்முன் வைத்து, ஏற்பதையும் அழிப்பதையும் அவனிடமே விடுதல் மூன்றாவது.

எச்சமும் அதன் முடிபும்

சொல்லப்படாது எஞ்சுவதைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்றே பெயர் வழங்குகின்றது. பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சங்கள் பத்து வகைப்படும் என்பது அவர் கொள்கை. இவற்றுள் முதல் ஏழுக்கும் அவற்றை முடித்துவைக்கும் முடிபுகள் கூறப்படுகின்றன. ‘வந்து’ என்றால் ஒரு வினையும், ‘வந்த’ என்றால் ஒரு பெயரும் தேவை என்பது இலக்கணம் பயின்ற எவரும் அறிந்ததே. ஆனால் எஞ்சிய மூன்றையும் முடித்துவைக்க மேல்வந்து சேரும் சொல் இல்லையென்றும், அவை தத்தம் குறிப்பினால் உணரப்படுவன என்றும் ஆசிரியர் வேறுபடுத்துகின்றார்.

இவ்வேறுபாடு நம் வினாவுக்கு மிக இன்றியமையாதது. மொழியமைப்பினால் உறுதிப்படும் எச்சம் வேறு. பேசுபவனின் உள்ளத்தினால் மட்டுமே உறுதிப்படும் எச்சம் வேறு. முன்னையதை மொழி அறிந்த எவரும் முடித்துவைக்கலாம். பின்னையதைப் பேசியவனிடமே கேட்டறியவேண்டும். இரண்டாம் வகையை முதலாம் வகையென மயங்கும் இடத்திலேயே தீங்கு தொடங்குகின்றது.

ஒரு பெயரின் கதை

என் அம்மாயி வலப்பனைப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். பெற்றோர் இட்ட பெயர் முத்துப்பேச்சி. லயத்திலும் மலையிலும் அனைவரும் முத்து என்றே அழைத்தனர். தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு நாள் வேலை என்றும் பொருளுண்டு. நிறுவை குறைந்த நாளில் விழுவது அரைப்பேர். அம்மாயிக்கு வேலையில் அரைப்பேர் விழுந்த நாட்கள் அருமை. ஆனால் அழைக்கப்படுவதில் ஆயுள் முழுதும் அரைப்பேரே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அடையாள அட்டைக்கான படிவங்களை நிரப்பும் நாளில் வரிசை நீண்டிருந்தது. பெயர் கேட்கப்பட்டபோது, கூச்சத்தினாலோ வழக்கத்தினாலோ, அவர் ‘முத்து’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். படிவத்தை நிரப்பியவர் தலையை நிமிர்த்தாமலே ‘முத்துலெட்சுமி’ என்று எழுதினார். அன்று காலையிலிருந்து அவர் எழுதிய முத்துக்களிற் பலர் லெட்சுமிகளாக இருந்திருக்கக்கூடும். எழுதியதை அவர் வாசித்துக் காட்டவில்லை. வாசிக்கத் தெரியாத அம்மாயி கைநாட்டு வைத்தார்.

ஓய்வுபெற்றபோதுதான் அதன் விலை தெரிந்தது. ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் இருந்தவர் முத்துப்பேச்சி. அடையாள அட்டையுடன் வந்து நின்றவர் முத்துலெட்சுமி. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, அலைந்து, காத்திருந்து, தாம் உழைத்த பணத்தைப் பெறுவதற்கு அவருக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. நான் ஒருமுறை, “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மாயி?” என்று கேட்டேன். “அவரு கேக்கல, நானும் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இல்லாமையே என்னை நெடுநாள் வருத்தியது.

படிவம் நிரப்பியவர் தீயவரல்லர் என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். எழுதத் தெரியாத பலருக்கு அவர் அன்று கையாக இருந்தார். விரைந்து முடிக்க எண்ணியதும் வரிசையில் நின்றோர்மீது கொண்ட இரக்கமாகவே இருக்கலாம். ஆகவே தீய எண்ணம் இல்லாத இடத்திலும் பிழை நிகழ்வது எங்ஙனம் என்பதை ஆராய்தல் வேண்டும்.

பெரும்பான்மையின் ஊகம்

என் நண்பரின் வாதத்தை மீண்டும் நோக்குவோம். பெரும்பாலோர் கருதுவதை எழுதிவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது பொருந்தும், ஒருவருக்குச் சிறு இடர், மொத்தத்தில் இலாபமே. பயன்பாட்டுவாதிகள் இவ்வாறுதான் கணக்கிடுவர். மேலோட்டமாகப் பார்ப்பின் இக்கணக்கிற் குறை தெரிவதில்லை.

ஆனால் இங்கு ஒரு மறைவு உண்டு. இவ்வகைப் பிழை, சீட்டுக் குலுக்கலைப்போல் இன்று ஒருவர்மீதும் நாளை வேறொருவர்மீதும் விழுவதன்று. ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தாவது ஆளின்மீதே அது விழுகின்றது. பேச்சி ஒருமுறை லெட்சுமி ஆக்கப்பட்டால், அதே ஊகம் நிலவும்வரை பத்தாம் முறையும் லெட்சுமியே ஆக்கப்படுவாள். ஒன்பது பேரின் வசதிக்குரிய விலையை அவள் ஒருத்தியே ஆயுள் முழுதும் செலுத்துகின்றாள். மேலும், தவறாக எழுதப்பட்ட அப்படிவத்தினால் பதிவேட்டில் லெட்சுமிகளின் தொகை ஒன்று கூடுகின்றது. பேச்சிகளின் தொகை ஒன்று குறைகின்றது. அடுத்த ஊகத்துக்கு அப்பதிவேடே சான்றாகின்றது. ஊகம் தனக்குத் தானே ஆதாரம் தேடிக்கொள்ளும் இந்நிலையில், சிறுபான்மை என்பது காலப்போக்கில் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகின்றது.

ஷெல் ‘வேர்’ என்ற இடத்தில் நின்றுவிடுவதன் அறப்பெறுமதி இவ்விடத்திலேயே புலப்படுகின்றது. எது மிகுதியாக வழங்குகின்றது என்பது அதற்குத் தேவையில்லை. எதிரில் இருப்பவன் இதுவரை எதைச் சொல்லியிருக்கின்றான் என்பதே அதற்குத் தேவை. அரிய சொல்லைக் கருதியவனும் பொதுச்சொல்லைக் கருதியவனும் அதன் முன் சமமாக நிற்கின்றனர்.

காட்டுதலும் கருதுதலும்

நிறைவுசெய்தலிலும் படிகள் உண்டு. எழுதிக் காட்டுதல் ஒரு படி. காட்டாமலே உள்ளத்துள் முடித்துக்கொள்ளுதல் மற்றொரு படி. முடித்துக்கொண்டு செயலிலும் இறங்கிவிடுதல் மூன்றாம் படி. படி ஏற ஏற உதவி ஆதிக்கமாகின்றது.

இரண்டாம் படிக்கும் கணினியில் எடுத்துக்காட்டு உண்டு. க்னூ நிரல்கள் பலவற்றில் நீண்ட தெரிவுகளை முழுவதும் எழுதவேண்டியதில்லை. வேறொன்றோடு மயங்காத அளவுக்குத் தொடக்கத்தை எழுதினாற் போதும். நிரல் அதனைத் தானே முழுச்சொல்லாகக் கொள்ளும். மயக்கம் இருப்பின் ஐயத்தைச் சொல்லி நின்றுவிடும். ஆயினும் முழுச்சொல் இங்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று ஒன்றையே குறிக்கும் குறுக்கம், நாளை புதிய தெரிவொன்று சேர்க்கப்பட்டதும் இரண்டைக் குறிக்கக்கூடும் என்பதும் இதன் குறை.

இவ்வசதிக்கு அந்நிரல்களை எழுதியோரே விதித்த விலக்கொன்று வியப்புக்குரியது. முன்னர்க் கூறிய ஆர்எம் கட்டளை, கோப்புமரத்தின் வேரையே அழிக்குமாறு கேட்டால் இயல்பாக மறுத்துவிடும். அம்மறுப்பை நீக்குவதற்கு ‘நோ-பிரிசேர்வ்-ரூட்’ என்றொரு தெரிவு உண்டு. அதனைக் குறுக்கி எழுதினால், இதனைக் குறுக்கலாகாது என்று கூறி நிரல் நின்றுவிடும். ஏனைய தெரிவுகளிற் பாதிச் சொல்லை ஏற்கும் எந்திரம், எல்லாவற்றையும் அழிக்கும் சொல்லை மட்டும் முழுவதும் சொல்லுமாறு கேட்கின்றது. மீளமுடியாத செயலுக்கு முழுச்சொல் வேண்டும் என்னும் இவ்விதி, சட்ட நூலில் இடம்பெறத்தக்க அறநெறி என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மூன்றாம் படிக்குரிய கதை கணினியாளரிடையே நெடுங்காலமாக வழங்கிவருவது. லிஸ்ப் மொழி அறிஞரான வாரன் டைட்டல்மன், ‘நான் கருதியதைச் செய்’ என்று பொருள்படும் திருத்தும் வசதியொன்றை உருவாக்கியவர். சீராக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தின் கட்டளை முறையிலும் அது சேர்க்கப்பட்டிருந்தது. ஒருநாள் ஒருவர், டாலர்க்குறியில் முடியும் பழைய பிரதிகளை மட்டும் அழிக்கும்படி கட்டளையிட்டார். அத்தகைய கோப்புகள் இல்லை; ஆகவே எல்லாக் கோப்புகளையும் அழிக்கவே அவர் கருதியிருக்கவேண்டும் என்று எந்திரம் தானே முடிவுசெய்து அழிக்கத் தொடங்கிற்றாம். இதற்கு மாறாக, கிட் என்னும் மென்பொருளில் ஒரு கட்டளை பிழையாக எழுதப்பட்டால், அதனை ஒத்த சொல்லைக் காட்டி, இதுவா நீங்கள் கருதியது என்ற பாங்கிற் கேட்டு நின்றுவிடுகின்றது. பயனர் விரும்பி அமைப்பை மாற்றினாலன்றி அதனை இயக்குவதில்லை. ஊகிப்பது இரண்டிற்கும் பொது. ஊகத்தை வினாவாக வைப்பதற்கும் விடையாக வைப்பதற்கும் இடையிலுள்ள தூரமே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பட்டியலை வகுப்பவர் எவர்?

வழி பிரியுமிடத்தில் பட்டியலைக் காட்டினால் அறம் நிறைவெய்திவிடுமா என்ற வினா இங்கு எழுகின்றது. பட்டியலும் எவரோ ஒருவரால் வகுக்கப்பட்டதே. அதில் இடம்பெறாத தெரிவு, தெரியாதவனுக்கு இல்லாத தெரிவாகும்.

மலையகத்தார்க்கு இது நன்கு தெரிந்த உண்மை. 1964 ஒக்ரோபர் 30 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, நாடற்றவரெனக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள 1974 இல் இணங்கின. விண்ணப்பப் படிவங்கள் 1964 உடன்படிக்கையின் பின்னரே மக்கள் கைக்கு வந்தன. எங்கு வாழ விரும்புகின்றாய் என்று கேட்கப்படுவதற்கு முன்னரே, விடைகளின் தொகை எழுதி முடிக்கப்பட்டிருந்தது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் தொகை ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையை எட்டவில்லை என்பது, இலட்சக்கணக்கான மக்களின் வாக்கியத்தைப் பிறர் முடித்துவைத்தமைக்குக் கிடைத்த மறுமொழியாகும். அவ்வாக்கியத்தை அவர்களின் விருப்பத்தோடு இசையச் செய்வதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அதற்குள் பலர் கப்பலேறிவிட்டனர். பலர் இறந்தும் போயினர்.

நிறைவுசெய்யாமையும் ஓர் அறம்

நிரப்பும் ஆற்றல் உடையவன் நிரப்பாது விடுதல் எத்துணைப் பெருமையுடையது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் பதிப்புப்பணி சான்றாகும். அவர் 1894 இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, செய்யுள் இயற்றுவதிற் பயிற்சி பெற்றவர் அவர். விடுபட்ட சீரை ஓசை பிறழாது இட்டு நிரப்புதல் அவருக்கு அரிதன்று. அவர் இட்டவை புள்ளிகளே. ஏடு சொல்லாததைத் தாம் சொல்லலாகாது என்பது அவர் கொண்ட நெறி. அப்புள்ளிகள் இருப்பதனாலேயே, மற்றைய எழுத்துகள் புலவருடையவை என்று நாம் இன்று நம்புகின்றோம்.

கைப்பேசியில் நாம் எழுதும் சொற்களையும், இன்னும் முன்னேறி முழு வாக்கியங்களையும், எந்திரங்கள் நிறைவுசெய்துதரும் காலம் இது. மிகுதியாக வழங்கும் சொல்லையே அவை முதலில் நீட்டுகின்றன. அவற்றை வெறுத்து ஒதுக்குவதாற் பயனில்லை. உதவி தேவைப்படாத மனிதன் இல்லை. ஆனால் உதவி எங்கே நிற்கவேண்டும் என்பதை வகுக்கும் பொறுப்பு, எந்திரத்தை அமைப்பவருக்கும் படிவத்தை நிரப்புபவருக்கும் ஒன்றுபோலவே உண்டு.

என் நண்பர் இறுதியில் தம் நிரலை இவ்வாறு அமைத்தார். பொதுவான இரண்டு எழுத்துகளோடு அது நின்று, இரு தெரிவுகளையும் அவற்றின் பொருளோடு காட்டும். குறுக்கத்தை ஏற்காது, அழிக்கும் தெரிவு முழுச்சொல்லாகத் திரையில் இருந்தாலன்றிச் செயற்படாது. இதனால் அவர் நண்பர்களுக்கு இரண்டொரு விநாடி கூடுதலாகச் செலவாகும்.

அம்மாயியிடம் எவரேனும் செலவிட்டிருக்கவேண்டியதும் அந்த இரண்டொரு விநாடிதான். “முத்து… அப்புறம்?” என்று ஒருவர் கேட்டிருந்தாற் போதும். எஞ்சிய பாதியை அவரே சொல்லியிருப்பார்.